வேட்டுச் சத்தம்னுதான் நினைச்சாங்க!

அரிமளம் பக்கம் கோயில் திருவிழா என்றால், சாமி புறப்பட்டுவிட்டது என்று அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சொல்வது வேட்டுதான். மைக்செட் சத்தம் ஊர் எல்லையோடு நின்றுவிடும். அதிர்வேட்டு கண்மாய் தாண்டி, தைலமரக் காடு தாண்டிப் போகும். அடுப்படியில் நிற்கும் அம்மா, 'சாமி கிளம்பிருச்சு, சட்டுனு குளிச்சுட்டு வா' என்று பிள்ளையை விரட்டுவார். கைக்குழந்தை வீறிட்டு அழும். தெருநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்கு அடியில் ஒளியும். மற்ற யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு வேட்டு, கட்சித் தலைவர் வந்தால் வேட்டு, கடைசியில் சுடுகாட்டுக்குப் போகும்போதும் வேட்டு. சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்கு வெடி வழிபாடு தெரியும். அங்கே அந்தச் சத்தமே ஒரு வேண்டுதல்.

நம் காது அப்படிப் பழகிவிட்டது. 'டமார்' என்றால் நல்ல காரியம்.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரத்தை ஒட்டியிருக்கும் ஊர் ஹைலேண்ட் பார்க். 2022 ஜூலை 4, அந்த நாட்டின் சுதந்திர தினம். நம்மூரில் தேர் பார்க்கத் தெருவோரம் இடம் பிடிப்பதுபோல, மடக்கு நாற்காலி போட்டு, குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வைத்து, அணிவகுப்புக்காகக் காத்திருந்தது ஊர். பட படவென்று சத்தம் கேட்டது. ஜூலை 4 ஆயிற்றே, யாரோ பட்டாசு கொளுத்துகிறார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஒரு கட்டடத்தின் மேலிருந்து துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்தான் ஓர் இளைஞன். 7 பேர் இறந்தார்கள். 40-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒரு தம்பதியும் உண்டு. அவர்களின் 2 வயது மகன் மட்டும் பிழைத்தான். யார் பெற்ற பிள்ளை என்றே தெரியாமல் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றியவர்கள் அக்கம்பக்கத்தில் நின்றவர்கள்.

கொண்டாட்டத்தில் துப்பாக்கி நுழைந்தால் முதலில் ஏமாறுவது காதுதான். ஓட வேண்டிய நேரத்தில் மக்கள் கை தட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நார்த்தாமலைக்கு வந்த குண்டு

'அதெல்லாம் அமெரிக்கா கதை. நம்ம பக்கம் யார் கையில துப்பாக்கி இருக்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு வீட்டுக்குள் துப்பாக்கிக் குண்டு வந்திருக்கிறது.

புதுக்கோட்டைக்குத் தெற்கே அரிமளம், வடக்கே நார்த்தாமலை. பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் தேருக்குப் போகாத குடும்பம் இந்த மாவட்டத்தில் குறைவு. 2021 டிசம்பர் 30-ம் தேதி காலை அங்கே திருவிழாவும் இல்லை, கல்யாணமும் இல்லை. பசுமலைப்பட்டி அருகே இருந்த துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படை வீரர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, நார்த்தாமலையில் தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. புதுக்கோட்டை அரசு மருத்துவமனை, அங்கிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அறுவை சிகிச்சை என நாலைந்து நாள் போராட்டம். 2022 ஜனவரி 3-ம் தேதி அவன் இறந்துபோனான்.

அந்த ஊர் மக்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சாலையில் உட்கார்ந்தார்கள். சுட்டது எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்துக்காரர் என்ற விசாரணைக்குள் அவர்கள் போகவில்லை. வீடுகள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சுடும் தளம் எதற்கு, அதை மூடு என்று கேட்டார்கள். தளத்தைத் தற்காலிகமாக மூட உத்தரவு வந்தது. சிறுவனின் குடும்பத்துக்கு முதலமைச்சர் 10 லட்சம் ரூபாய் நிதியுதவி அறிவித்தார். போன உயிருக்கு அது ஈடில்லை என்பது வேறு விஷயம். ஆனால், கோபத்தை ஆள் மீது கொட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகாமல், குண்டு வந்த வழியைக் கேட்ட ஊர் அது.

அங்கே சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள். சுட்ட இடம் அதற்கென்றே ஒதுக்கப்பட்ட தளம். அப்படியிருந்தும் குண்டு ஒரு வீட்டுக்குள் வந்தது. இதையே ஒரு கல்யாண மண்டபத்துக்குள், நாலு ரவுண்டு உள்ளே போன ஒருவரின் கையில் வைத்து நினைத்துப் பாருங்கள்.

மாப்பிள்ளை ஊர்வலத்தில் துப்பாக்கி

நினைத்தெல்லாம் பார்க்க வேண்டாம், வட மாநிலங்களில் அது வழக்கமாகவே நடக்கிறது. மாப்பிள்ளை ஊர்வலம் வரும்போது வானத்தைப் பார்த்து நாலு சுற்று சுடுவது உத்தரப்பிரதேசம், ஹரியானா, பஞ்சாப், பீகார் பக்கம் குடும்ப கௌரவம். நாம் செண்டை மேளம் வைப்பதுபோல, அவர்கள் துப்பாக்கி வைக்கிறார்கள்.

2016-ம் ஆண்டில் நடந்த மூன்று சம்பவங்களைச் சொன்னால் போதும். ஏப்ரல் மாதம் டெல்லியில், வீட்டு பால்கனியில் நின்று தெருவில் போன கல்யாண ஊர்வலத்தை வேடிக்கை பார்த்த 17 வயதுப் பெண் குண்டு பாய்ந்து இறந்தாள். அந்தக் கல்யாணத்துக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நவம்பரில் ஹரியானாவின் கர்னாலில், தன்னைச் சாமியாராகச் சொல்லிக்கொண்ட ஓர் இளம்பெண் தன் ஆட்களோடு கல்யாண மண்டபத்துக்கு வந்தார். பாட்டுப் போடச் சொல்லி, ஆடிக்கொண்டே சுட்டார்கள். மாப்பிள்ளையின் உறவுக்காரப் பெண் இறந்துபோனார். டிசம்பரில் பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்தில், மவுர் மண்டி என்ற ஊரில், கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருந்த 25 வயது நடனப் பெண் சுடப்பட்டு மேடையிலேயே விழுந்தார். அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது.

கர்னால், பட்டிண்டா இரண்டிலும் சுடுவதற்கு முன்பு சில நிமிடங்கள் துப்பாக்கி எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். மாமன், மச்சான், சித்தப்பா, பெரியப்பா, சமையல்காரர், வீடியோகிராபர். 'அதை உள்ள வைங்க' என்று சொல்லக்கூடியவர்கள் அந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருந்திருப்பார்கள். ஆனால், கல்யாண வீட்டில் முகம் கோணக்கூடாது, பெரிய இடத்து ஆள், இன்று ஒரு நாள்தானே என்று விட்டுவிடுகிற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

மக்கள் எதிர்வினை என்றதும் மெழுகுவத்தி, மறியல், ட்விட்டர் சண்டை எல்லாம்தான் நினைவுக்கு வரும். அவை எல்லாம் இரண்டாவது எதிர்வினை. முதல் எதிர்வினை, துப்பாக்கி வெளியே வந்த அந்த நிமிடத்தில் எழும் விசிலும் கைத்தட்டலும். அதைப் பற்றி யாரும் விவாதிப்பதில்லை.

கை தவறிப்போச்சு!

கல்யாணத் துப்பாக்கிச்சூட்டில் இன்னொரு சிக்கல், சுட்டவர் எதிரியாக இருக்க மாட்டார். சொந்தக்காரராக இருப்பார். 2007 ஏப்ரலில் உத்தராகண்டில் ஒருவர் தன் மகன் கல்யாணத்தில் லைசென்ஸ் துப்பாக்கியால் கூரையைப் பார்த்துச் சுட்டார். சிதறிய ரவைகள் 5 பேர் மீது பாய்ந்தன. 2 பேர் இறந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லை என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கொலைக் குற்றம் என்பதை, கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைத்தது. ஆனால், கூட்டத்துக்கு நடுவே சுட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்டு 10 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. தற்காப்புக்காகக் கொடுக்கப்படுகிற லைசென்ஸ், அந்தஸ்தைக் காட்டுவதற்கு இல்லை என்பதையும் நீதிபதிகள் அழுத்திச் சொன்னார்கள்.

அந்த வீட்டு நிலைமையை யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. 2007-ல் கல்யாணம், 2020-ல் தீர்ப்பு. 13 வருஷம். ஒவ்வொரு கல்யாண நாளும் அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு என்ன நாளாக இருந்திருக்கும்?

சுட்டவர் வேண்டியவர் என்பதால்தான் பல இடங்களில் 'கை தவறிப்போச்சு' என்ற ஒரே வார்த்தையில் விஷயத்தை முடிக்கப் பார்க்கிறார்கள். சாட்சி சொல்ல யாரும் வருவதில்லை. துப்பாக்கி யாருடையது என்றே தெரியாது என்பார்கள். டெல்லிப் பெண்ணின் அப்பா அப்படி விடவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இதற்கென்று தனிச் சட்டம் இல்லையே என்ற கேள்வி பெரிதாக எழுந்தது.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தில் திருத்தம் வந்தது. 25-வது பிரிவில் 9-வது உட்பிரிவு. பொதுக்கூட்டம், வழிபாட்டுத் தலம், கல்யாணம், மற்ற விசேஷங்களில் கொண்டாட்டத்துக்காகத் துப்பாக்கியால் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாருக்கும் அடிபட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆபத்து உண்டாக்கினாலே குற்றம். அதே திருத்தத்தில், ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது 2 ஆகக் குறைந்தது. 2022 நவம்பரில் பஞ்சாப் அரசு இன்னும் ஒரு படி மேலே போய், பொது இடத்திலும் சமூக வலைதளத்திலும் ஆயுதத்தைக் காட்டிக்கொள்ளத் தடை போட்டது. துப்பாக்கியைப் புகழும் பாட்டுகளுக்கும் சேர்த்துத்தான் தடை.

சட்டம் வந்துவிட்டது என்பதால் பழக்கம் போய்விடவில்லை. வடக்கே ஒவ்வொரு கல்யாண சீஸனிலும் இந்தச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

மேலே சுட்டால் கீழே வராதா?

'ஆளைப் பார்த்தா சுட்டான்? வானத்தைப் பார்த்துத்தானே சுட்டான்' என்பது இதில் வழக்கமாக வரும் வாதம். மேலே போனது கீழே வந்துதானே ஆக வேண்டும். நேர் செங்குத்தாகச் சுட்டால் குண்டு வேகம் இழந்து விழும். அந்த வேகமே மண்டை ஓட்டை உடைக்கப் போதும். ஆனால், ஆடிக்கொண்டும் அசைந்துகொண்டும் சுடுகிறவர் கை செங்குத்தாக நிற்காது. சாய்வாகப் போகும் குண்டு ஆபத்தான வேகத்தோடு, ரைபிளாக இருந்தால் கிலோமீட்டர் கணக்கில் போய் விழும். யார் வீட்டு மாடியில், யார் தலையில் என்று சுட்டவருக்குத் தெரியவே தெரியாது.

கரீபியன் தீவான போர்ட்டோ ரிகோவில் புத்தாண்டு இரவில் வானத்தைப் பார்த்துச் சுடுவது வழக்கம். 2003 டிசம்பர் 31 இரவை மட்டும் எடுத்து அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஆராய்ந்தது. கொண்டாட்டக் குண்டுகளால் காயமடைந்தவர்கள் 19 பேர். அதில் ஒருவர் இறந்திருக்கிறார்.

அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில் 1999 ஜூன் மாதம் 14 வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். எங்கோ யாரோ மேலே பார்த்துச் சுட்ட குண்டு அவள் தலையில் விழுந்தது. பெற்றோர் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. அலையாய் அலைந்தார்கள். ஊர் எல்லைக்குள் வானத்தைப் பார்த்துச் சுடுவது கடுமையான குற்றம் என்று அடுத்த ஆண்டே அந்த மாகாணத்தில் சட்டம் வந்தது. ஷானன் என்ற அவள் பெயரில்தான் அந்தச் சட்டத்தை இன்றும் அழைக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு சந்தேகம் பல வீடுகளில் உண்டு. தலைவர்கள் இறந்தால் குண்டுகள் முழங்க அரசு மரியாதை என்று டி.வி-யில் காட்டுகிறார்களே, அந்தக் குண்டெல்லாம் எங்கே போய் விழுகிறது? எங்கேயும் விழுவதில்லை. அதில் குண்டே கிடையாது. மருந்து மட்டும் அடைத்த தோட்டா அது. சத்தம் வரும், புகை வரும், அவ்வளவுதான்.

துப்பாக்கியைச் சாமிபோலக் கும்பிடும் ஊரும் இந்தியாவில் இருக்கிறது. கர்நாடகாவின் குடகில் செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போத் பண்டிகை. வீட்டுத் துப்பாக்கியைத் துடைத்து, பூ வைத்து, பூஜை போட்டு, பிறகு மைதானத்தில் தேங்காயைக் கட்டிவைத்துச் சுடும் போட்டி நடத்துவார்கள். குடவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் விதியிலிருந்தே விலக்கு உண்டு. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு வெடி என்று ஊருக்குச் சேதி சொல்லும் வழக்கமும் இருக்கிறது. போட்டியில் குறி தேங்காய், இடம் மைதானம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் குறியும் கிடையாது, இடமும் கிடையாது.

பட்டாக்கத்தி கேக்

தமிழ்நாட்டில் துப்பாக்கி குறைவு. லைசென்ஸ் வாங்குவது சுலபமில்லை. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி என்றால் தீபாவளிக்கு ரோல் கேப் போட்டுச் சுடுவதுதான். அதுவரை நிம்மதி.

ஆனால், கொண்டாட்டத்துக்குள் ஆயுதத்தைக் கொண்டுவரும் ஆசை நமக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2018 பிப்ரவரியில் சென்னை பூந்தமல்லி அருகே மலையம்பாக்கத்தில் ரவுடி பினு, தன் பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியால் கேக் வெட்டினார். போலீஸ் சுற்றிவளைத்து 70-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. அவர் தப்பியோடி ஒரு வாரம் கழித்துச் சரணடைந்தார். தமிழ்நாடு அதற்கு என்ன எதிர்வினை செய்தது? சிரித்தது. மீம் போட்டது. வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கல்லூரி மாணவர், பேட்டைப் பையன், ஏன், கல்யாண மாப்பிள்ளையே பட்டாக்கத்தியால் கேக் வெட்டிக் கைதான செய்திகள் வரிசையாக வந்தன. கம்பி எண்ணும்போதுதான் 'சும்மா ஸ்டேட்டஸ் போடத்தான் சார்' என்ற விளக்கம் வருகிறது.

கர்னால் மண்டபத்தில் விசில் அடித்தவருக்கும், பட்டாக்கத்தி போட்டோவுக்குத் தீ எமோஜி போட்டவருக்கும் அதிக தூரம் இல்லை. மாமா போட்ட ஒரு லைக்கில், அத்தை போட்ட 'சூப்பர்டா தங்கம்' கமென்ட்டில் அந்தப் பையன் என்ன கற்றுக்கொள்கிறான்?

யார் சுட்டது, எந்த ஆளு?

சம்பவம் நடந்த பிறகு வரும் எதிர்வினைகளிலும் ஒரு பெரிய கோளாறு உண்டு. 2024 பிப்ரவரி 14, அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி. அந்த ஊர் அணி கால்பந்துக் கோப்பை ஜெயித்த கொண்டாட்டம். லட்சக்கணக்கில் கூட்டம். 800-க்கும் மேற்பட்ட போலீஸார் காவலுக்கு நின்றார்கள். ஊர்வலம் முடியும் நேரத்தில், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்ட சில்லறைத் தகராறில் துப்பாக்கிகள் வெளியே வந்தன. உள்ளூர் ரேடியோவில் பாட்டு நிகழ்ச்சி நடத்திவந்த, இரண்டு பிள்ளைகளின் அம்மா இறந்துபோனார். காயமடைந்த 20-க்கும் மேற்பட்டோரில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

அன்று போலீஸ் ஒருவரைச் சிறிது நேரம் பிடித்துவைத்துவிட்டு, சம்பந்தமில்லாதவர் என்று விட்டுவிட்டது. அவர் போட்டோ அதற்குள் இணையத்தில் ஏறிவிட்டது. 'இவன்தான் சுட்டவன், சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்தவன்' என்று எழுதிப் பரப்பினார்கள். மக்கள் பிரதிநிதிகளே அதைப் பகிர்ந்தார்கள். அவர் அந்தப் பக்கத்திலேயே வசித்த அமெரிக்கர், கொண்டாட்டம் பார்க்க வந்த ரசிகர். அவதூறு வழக்குப் போட்டார். ஆனால், ஃபார்வர்டு செய்த லட்சம் விரல்களை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

தமிழர்கள் நெருக்கமாக வாழும் கனடாவின் ஸ்கார்பரோவிலும் இதேபோல ஒரு தடுமாற்றம் நடந்தது. 2012 ஜூலை 16 அன்று டான்சிக் தெருவில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து, தெருவிலேயே அடுப்பு மூட்டி விருந்து நடத்தினார்கள். குழந்தை குட்டிகளோடு கூடியிருந்த இடத்தில் இரண்டு கோஷ்டிகள் சுட்டுக்கொண்டன. 14 வயதுச் சிறுமியும் 23 வயது இளைஞரும் இறந்தார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் காயம். சின்னக் குழந்தைக்கும் காயம். டொராண்டோவின் அப்போதைய மேயர் ராப் ஃபோர்டு, துப்பாக்கிக் குற்றவாளிகள் ஊரைவிட்டே போக வேண்டும் என்று சொல்லி, குடியேற்றச் சட்டம் பக்கம் பேச்சைத் திருப்பினார். அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த பகுதி அது. பறிகொடுத்தவர்களும் அந்தத் தெருவில்தான் இருந்தார்கள்.

நம்மூரில் இது எப்படி நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. திருவிழாவில் ஒரு கைகலப்பு என்றாலே, அடிபட்டவருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன் 'எந்த ஆளு?' என்ற கேள்வி வந்துவிடும். பதில் கிடைத்த பிறகு பேச்சே வேறு பக்கம் போய்விடும். ஆயுதம் எப்படி உள்ளே வந்தது, யார் பார்த்தும் பேசாமல் இருந்தார்கள் என்பதைக் கேட்க ஆள் இருக்காது.

ஹைலேண்ட் பார்க்கில் அந்த 2 வயதுக் குழந்தைக்காக முகம் தெரியாதவர்கள் 30 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டிக் கொடுத்தார்கள். பெரிய மனசுதான். ஆனால், அதே மக்கள் அதோடு நிற்கவில்லை. தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2023 ஜனவரியில் அந்த இல்லினாய் மாகாணம், சடசடவென்று சுடும் துப்பாக்கிகளின் விற்பனைக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சம்பவம் நடந்து ஆறே மாதம்.

தடுப்புக் கட்டத் தெரிந்த மாவட்டம்

கொண்டாட்டத்தை ஒழுங்குபடுத்தினால் சுவை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் புதுக்கோட்டையில் இருக்க வேண்டியதே இல்லை. வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு தச்சங்குறிச்சியில் நடக்கும் மாவட்டம் இது. ஒரு காலத்தில் காளையும் கூட்டமும் ஒரே தெருவில் ஓடும். இன்று இரண்டடுக்குத் தடுப்பு வேலி, டோக்கன், மருத்துவக் குழு, கால்நடை மருத்துவர், வாடிவாசல் அருகே ஆம்புலன்ஸ். ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்களும் இப்போது வேலிக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். ஜல்லிக்கட்டின் ருசி குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

வேட்டு விஷயத்தில் அந்தக் கறார் இன்னும் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கேரளாவின் கொல்லம் மாவட்டம் புட்டிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10-ம் தேதி அதிகாலை வெடிக்கிடங்கு தீப்பிடித்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்த வாணவேடிக்கை அது.

திருவிழாக் கூட்டத்தில் நிஜமாகவே சந்தேகமான சத்தம் கேட்டால் என்ன செய்வது? நாலு பேர் ஓடினால், ஏன் ஓடுகிறார்கள் என்று எட்டிப் பார்க்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவது நல்லது. ஓட வழியில்லை என்றால், கனமான சுவர் மறைவில் குனிந்தோ படுத்தோ இருக்கலாம். மேடைத் துணிக்கும் தட்டிக்கும் பின்னால் ஒளிந்தால் கண்ணுக்குத்தான் மறைவு, குண்டுக்கு இல்லை. போலீஸுக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. யாருக்காவது ரத்தம் கொட்டினால் கையில் இருக்கும் துண்டையோ துப்பட்டாவையோ மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். குண்டைத் தோண்டி எடுக்கும் சினிமா வைத்தியம் வேண்டவே வேண்டாம். 'போலீஸ் கேஸ், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க' என்று எந்த மருத்துவமனையும் முதலுதவியை மறுக்க முடியாது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, உயிரைக் காப்பதுதான் முதல் வேலை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது.

வீடியோ எடுத்திருந்தால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன். மவுர் மண்டி மேடையில் அந்தப் பெண் விழுந்த காட்சி, சில மணி நேரத்தில் பல லட்சம் போன்களுக்குப் போய்விட்டது. அவளுடைய அம்மாவும் கணவரும் வைத்திருந்த போன்களும் அதில் அடக்கம்தானே.